பழைய காரின் திரையை மாற்றாமல் புளூடூத்தில் பாட்டுக் கேட்பது எப்படி?

பத்துப் பதினைந்து வருடம் ஓடிய காரில் எஞ்சின் நன்றாக இருக்கும், ஆனால் கைத்தொலைபேசியில் உள்ள பாட்டு ஸ்பீக்கரில் வராது. பிள்ளைகள் "ஸ்ரீரியோவை மாற்றுங்கோ அப்பா" என்பார்கள். காசைக் கொடுக்க முன்னர் கவனிக்க வேண்டியவற்றை இங்கே தருகிறோம்.

திரையை ஏன் கழற்றக்கூடாது?

லண்டனில் எம்மவர் பலர் மினிகாப் ஓடிய டொயோட்டா பிறியஸின் இரண்டாம் தலைமுறையை (2003–2009) எடுத்துக்கொள்வோம். அதன் நடுத்திரையில் வழிகாட்டி மட்டுமல்ல, குளிரூட்டியின் கட்டுப்பாடுகளும் எரிபொருள் விபரமும் இருக்கின்றன. திரையை எடுத்தால் அவையும் போய்விடும். ஆகவே திரையை விட்டுவிட்டு, ஒலிக்கு மட்டும் புதுவழி தேடுவதே இலாபம்.

புளூடூத் இருக்கிறது, பாட்டு வரவில்லை

அழைப்புப் பேசுவதும் பாட்டு ஒலிப்பதும் புளூடூத்தில் இரு வேறு வசதிகள். அக்காலக் கார்கள் பலவற்றில் முதலாவது மட்டுமே உண்டு. இது பழுது அல்ல. இதைப் பழுதென்று நினைத்து நாங்களும் ஒரு கராஜில் வீணாகக் காசு கட்டினோம்.

மூன்று வழிகள்

முதலாவது, ஆக்ஸ் துளை. இருக்கைகளுக்கு நடுவேயுள்ள பெட்டிக்குள்ளும் கையுறைப் பெட்டிக்குள்ளும் தேடிப் பாருங்கள். 3.5 மில்லிமீற்றர் துளை இருந்தால், 20 பவுண் அளவில் ஒரு புளூடூத் றிசீவர் போதும். சார்ஜரில் பூட்டியதும் இரைச்சல் வந்தால் வயரைக் கழற்றி, றிசீவரை அதன் சொந்த பற்றரியில் ஓடவிடுங்கள். இரைச்சல் நின்றால் காரணம் மின்சாரத்தின் தரை இணைப்புத்தான். ஆக்ஸ் வயருக்கு இடையில் பூட்டும் சிறிய 'கிரவுண்ட் லூப் ஐசொலேற்றர்' அதைத் தீர்க்கும்.

இரண்டாவது, றேடியோவின் பின்பக்கத்தில் சீடி சேஞ்சருக்கென விடப்பட்ட இணைப்பு. இதற்கான அடாப்டர் தன்னை ஒரு சீடி சேஞ்சர் என்று றேடியோவை நம்பவைக்கும். ஒலி தெளிவாக இருக்கும், பல கார்களில் ஸ்டியரிங் பொத்தானாலேயே அடுத்த பாட்டுக்குப் போகலாம். விலை கூட. காரின் ஆண்டையும் மாடலையும் சரிபார்த்தே வாங்க வேண்டும். பீஎம்டபிள்யூ, மெர்சிடிஸ், அவுடி கார்கள் பலவற்றில் ஒலி செப்பு வயரில் அல்ல, 'மோஸ்ற்' எனப்படும் ஒளியிழை வளையத்தில் ஓடுகிறது. வளையம் ஓரிடத்தில் அறுந்தாலும் முழு ஒலியும் நின்றுவிடலாம். அவற்றுக்குத் தனி அடாப்டர் தேவை, அனுபவமுள்ளவரிடம் கொடுப்பது நல்லது.

மூன்றாவது, எப்.எம். ட்ரான்ஸ்மிற்றர். மலிவானது, சிகரெட் லைற்றர் துளையில் செருகினால் சரி. ஆனால் பிரித்தானியாவில் அதன் சக்தி 50 நனோவாற்றுக்கு மேற்படக்கூடாது. அதனால் வானொலி நிலையங்கள் நெருங்கிய நகரங்களில் பாட்டின் நடுவே வேறு நிலையம் குறுக்கிடும். வேறு வழி இல்லாதபோது மட்டும் வாங்குங்கள்.

மின்சாரம், பாதுகாப்பு

சாவியை நிறுத்தியதும் மின்சாரம் நிற்கும் வயரிலிருந்தே, பியூஸ் போட்டு இணைப்பு எடுக்கவேண்டும். பிறியஸில் பின்பக்கத்திலுள்ள 12 வோல்ற் பற்றரி சிறியது. இரவிரவாக ஒரு கருவி அதை உறிஞ்சினால், பெரிய பற்றரி நிறைந்திருந்தாலும் காலையில் கார் வேலை செய்யாது. காலை வாடிக்கையாளரை ஏற்றவேண்டியவருக்கு அது ஒருநாள் வருமான இழப்பு.

பற்றரியைக் கழற்ற முன் றேடியோவுக்குத் திருட்டுத் தடுப்பு இலக்கம் உண்டா என்று பாருங்கள். மஞ்சள் நிற இணைப்புகள் காற்றுப்பைக்குரியவை, தொடவேண்டாம்.

சட்டம்

பிரித்தானியாவில் ஓட்டும்போது தொலைபேசியைக் கையில் எடுத்தால் 200 பவுண் தண்டமும் 6 புள்ளிகளும். அனுமதிப்பத்திரம் எடுத்து இரண்டு வருடம் ஆகாத பிள்ளைகளுக்கு அந்த 6 புள்ளிகளே அதைப் பறித்துவிடும். பாட்டு மாற்றக் கை தொலைபேசிக்குப் போகாமல் இருப்பதற்காகவே ஸ்டியரிங் பொத்தான் வேலை செய்யும் அடாப்டருக்குக் கூடக் கொடுக்கலாம் என்கிறோம்.

கடைக்குப் போக முன்னர் ஒருதரம் காரில் இருந்து, அதன் கைநூலில் ஆக்ஸ் பற்றிய பக்கத்தைத் தேடுங்கள். அந்தத் துளை இருந்தால் உங்கள் செலவு 20 பவுணோடு முடிந்துவிடும்.