குளோக்சினியா: ஒரு பெயரின் கதை

பழநி மலையடிவாரத்துப் பாலசமுத்திரத்தில், நம் வீட்டுச் சன்னலோரத் தொட்டியில் குளோக்சினியா பூக்கும்போதெல்லாம் அதன் பெயரைப் பற்றிய ஐயம் எழும். யாருடைய பெயர் இது?

பிரேசில் காட்டுச் செடியான இதனை, இலண்டனை அடுத்த ஹாக்னியில் நாற்றுப்பண்ணை நடத்திய லாடிஜஸ் குடும்பத்தார் 1817இல் 'குளோக்சினியா ஸ்பெசியோசா' என அறிமுகம் செய்தனர். குளோக்சின் ஒரு தாவரவியல் அறிஞர். 1825இல் நீஸ் என்பார், பான் பல்கலைக்கழகத் தோட்டக்காரர் சின்னிங் பெயரால் 'சின்னிஞ்சியா' என்ற பேரினத்தை வகுத்தார். 1877இல் ஹியர்ன் இச்செடியை அப்பேரினத்தில் சேர்த்தார். ஆக, அறிவியல் தோட்டக்காரரிடம் வந்து சேர்ந்தது. கடைத்தெருவோ இன்றும் அறிஞர் பெயரையே சொல்கிறது.

காட்டுச் செடியின் பூ தலைகவிழ்ந்தது. இன்று நாம் காணும் நிமிர்ந்த மணிப்பூ, 1845இல் ஸ்காட்லாந்துத் தோட்டக்காரர் ஜான் ஃபைஃப் வளர்த்த நாற்றில் தோன்றியது. அவரையும் நாம் மறந்தோம்.

பூத்து ஓய்ந்தபின் இலைகள் வாடும். செடி மடிந்ததென்றெண்ணி முதலாண்டு தொட்டியையே கொட்டிவிட்டோம்; கிழங்கு உயிரோடிருந்தது. நீரைக் குறைத்து நிழலில் வைத்தால் அது மீண்டும் துளிர்க்கும். வளர்த்தவர் பெயர்களும் அப்படித்தான். மண்ணுக்குள் உறங்குகின்றன, மடிந்துவிடவில்லை.