உலகத்தின் முதல் சனிக்கிழமை

கி.மு. 4004. அக்டோபர் 22. சனிக்கிழமை, பொழுது சாய்கிற நேரம். உலகம் ஆரம்பித்தது அப்போதுதான்.

நான் சொல்லவில்லை. ஜேம்ஸ் அஷர் சொன்னார். அயர்லாந்தில் ஆர்மா என்கிற ஊரின் ஆர்ச்பிஷப். 1650-ல் லண்டனில் அச்சான அவருடைய லத்தீன் புத்தகம் இந்தத் தேதியோடுதான் தொடங்குகிறது. சிரிக்காதீர்கள். அன்றைய ஐரோப்பாவில் அவர் அளவுக்குப் படித்தவர்கள் சொற்பம். சொந்தமாகச் சுமார் பத்தாயிரம் புத்தகங்கள் வைத்திருந்த மனிதர்.

எப்படிக் கண்டுபிடித்தார்? பி.காம். படித்த என் போன்றவர்களுக்கு ரொம்பப் பிடிக்கிற இடம் இது. பைபிளை ஒரு பேரேடு மாதிரி விரித்து வைத்துக்கொண்டார். ஆதாமுக்கு 130 வயதில் சேத் பிறந்தான். மெத்தூசலாவுக்கு 187 வயதில் லாமேக்கு. இப்படியே கூட்டிக்கொண்டு வந்தால், படைப்புக்கு 1656 வருடம் கழித்து நோவா காலத்துப் பெருவெள்ளம். (அஷர் இறந்ததும் கி.பி. 1656-ல்தான். தற்செயல். ரொம்ப யோசிக்காதீர்கள்!)

ஒரு சிக்கல். பழைய கிரேக்க பைபிளில், சேத் பிறந்தபோது ஆதாமுக்கு 230 வயது! அந்த வழியில் கணக்குப் போட்ட பைசாந்தியக்காரர்களுக்கு உலகம் பிறந்தது கி.மு. 5509-ல். அஷர் எபிரேயப் பிரதியின் பக்கம் நின்றார்.

கூட்டினால் மட்டும் போதுமா? பாஸ்புக்கோடு கேஷ்புக்கை ஒப்பிடுகிற மாதிரி, ஏதாவது ஓர் இடத்தில் வெளி உலகச் சரித்திரத்தோடு டேலி ஆகவேண்டாமா? பாபிலோன் மன்னன் நேபுகாத்நேச்சார் செத்தது கி.மு. 562. அடுத்து வந்தவன், சிறையில் கிடந்த யூத ராஜா யோயாக்கீனை 37-வது வருடத்தில் விடுவித்தான் என்கிறது பைபிள். பிடி கிடைத்துவிட்டது. அங்கிருந்து பின்னோக்கி நடந்தார்.

யூதர்களின் வருடப் பிறப்பு இலையுதிர் காலத்தில். ஆகவே அக்டோபர். வாரத்தின் முதல் நாள் ஞாயிறு. பைபிளில் நாள் என்பது மாலையில் தொடங்கும். ஆகவே சனிக்கிழமை சாயங்காலம். முழுசாக 4000 வருடம் கழித்து கிறிஸ்து பிறப்பு. ஏரோது மன்னன் கி.மு. 4-ல் இறந்துவிட்டதால் கிறிஸ்து அதற்குள் பிறந்தாக வேண்டும். அந்த உபரி 4 அங்கிருந்து வந்தது. இவ்வளவு உருண்டையாகக் கணக்கு வந்தால் எந்த ஆடிட்டருக்கும் லேசாகச் சந்தேகம் தட்டும்.

வேடிக்கை என்னவென்றால், கிறிஸ்தவ நம்பிக்கைக்கு இந்தத் தேதி தேவையே இல்லை. 325-ல் நைசியாவில் கூடிய பிஷப்புகள், சகலத்தையும் படைத்தவர் கடவுள் என்று அறிக்கையிட்டார்கள். எந்த வருடம் என்று எழுதவில்லை. 430-ல் மறைந்த வட ஆப்பிரிக்க பிஷப் அகஸ்டின் இன்னும் ஒரு படி மேலே போனார். சூரியனே நாலாம் நாள்தான் வருகிறது. அப்படியானால் முதல் மூன்று நாட்கள் எந்த மாதிரி நாட்கள்? காலமும் கடவுளின் படைப்புதான், எனவே படைப்புக்கு ‘முன்னால்’ என்று ஒன்று கிடையாது என்றார். உலகத்துக்கு இன்னும் 6000 வயது ஆகவில்லை என்று அவரும் நம்பினார் என்பது வேறு விஷயம்.

பிறகு அஷர் எப்படி ஜெயித்தார்? அச்சு யந்திரத்தின் புண்ணியம். 1701-ல் வந்த ஆங்கில பைபிளின் பக்க ஓரத்தில் அவர் கணக்கை அச்சடித்தார்கள். தலைமுறை தலைமுறையாகப் படித்தவர்களில் பலர் ஓரக் குறிப்பையும் வேதவாக்காகவே எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

1925 ஜூலை. அமெரிக்காவில் டென்னஸி மாநிலம், டேட்டன். பரிணாமம் நடத்தினார் என்று ஜான் ஸ்கோப்ஸ் என்கிற ஆசிரியர் மேல் வழக்கு. வெயில் தாங்காமல் கோர்ட்டையே புல்வெளிக்கு மாற்றினார்கள். ஸ்கோப்ஸின் வக்கீல் கிளாரன்ஸ் டாரோ, எதிர்த்தரப்பு வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையனையே சாட்சியாக உட்கார வைத்து, 4004 பற்றித் துளைத்தெடுத்தார். பைபிளுக்காக வாதாட வந்த பிரையன், அது அஷர் போட்ட கணக்கு என்று நழுவினார். படைப்பின் நாட்கள் 24 மணி நேர நாட்களாக இருக்க அவசியமில்லை என்றும் ஒப்புக்கொண்டார். கூட்டம் வாயைப் பிளந்தது.

ஸ்கோப்ஸுக்கு 100 டாலர் அபராதம். 1927-ல் மேல்கோர்ட் தீர்ப்பை ரத்து செய்தது. காரணம் ஆதாமும் இல்லை, குரங்கும் இல்லை. 50 டாலருக்கு மேல் போனால் அபராதத்தை ஜூரிதான் நிர்ணயிக்க வேண்டுமாம். நீதிபதி தானே விதித்துவிட்டார். சட்டம் மட்டும் 1967 வரை அப்படியே இருந்தது.