பாலத்துக்கு அந்தப் பக்கம்: சிங்கப்பூரில் வேலை செய்யும் நம்மவர் அறிய வேண்டியவை

ஜொகூர் பாருவில் 170ஆம் எண் பேருந்தைப் பிடித்து, இரண்டு பக்கத்துக் குடிநுழைவுச் சாவடிகளிலும் இறங்கி ஏறினால், உட்லண்ட்ஸ், புக்கித் தீமா வழியாகத் தேக்கா சந்தைக்குப் பக்கத்திலேயே இறங்கிக்கொள்ளலாம். பஃப்ளோ ரோட்டில் மல்லிகைச் சரமும் முருங்கைக்கீரையும் விற்கிறார்கள். கடைப் பலகையில் தமிழ், காதில் விழுவதும் தமிழ். குளுவாங்கிலிருந்தோ சிகாமட்டிலிருந்தோ வந்து நிற்கிற ஒருவருக்கு இது வேறு நாடு என்ற நினைப்பே வராது.

நம் பிள்ளைகள் பலர் சிக்கிக்கொள்வது இந்த நினைப்பால்தான். துபாய்க்குப் போகிறவர் ஒப்பந்தத்தை நான்கு பேரிடம் காட்டிப் படித்துப் பார்ப்பார். சிங்கப்பூருக்குப் போகிறவரோ, "பக்கத்து ஊர்தானே" என்று மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்.

ரப்பர் தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் கைமாறிய காலத்தில் தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்களில், ஒருவராவது பாலம் கடந்து வேலைக்குப் போனவராக இருப்பார். என் தாய்மாமாவும் அப்படிப் போனவர்தான். காசுதான் காரணம், வேறென்ன? 1973 வரை இரண்டு நாட்டு வெள்ளிக்கும் மதிப்பு ஒன்றே. அந்த ஆண்டு நாணய மாற்று உடன்பாடு முடிவுக்கு வந்தது. இன்று ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் கிடைக்கிறது. நாம் இரண்டையும் இன்னும் 'வெள்ளி' என்றுதான் சொல்கிறோம். சம்பளம் பேசும்போது எந்த வெள்ளி என்று கேட்டுக்கொள்வது நல்லது!

கையில் இருப்பது எந்த அட்டை?

சிங்கப்பூரில் வெளிநாட்டு ஊழியருக்குத் தரப்படும் அனுமதிகள் முக்கியமாக மூன்று. தொழிற்சாலை, உணவகம், துப்புரவு, கட்டுமானம் போன்ற வேலைகளுக்கு ஒர்க் பெர்மிட். அதற்கு மேல், நடுத்தரத் திறன் வேலைகளுக்கு எஸ் பாஸ். 2025 செப்டம்பர் முதல் புதிதாக எஸ் பாஸுக்கு விண்ணப்பிக்க மாதச் சம்பளம் குறைந்தது 3,300 சிங்கப்பூர் வெள்ளி இருக்க வேண்டும். வயது கூடக் கூட இந்த வரம்பும் உயரும். நிர்வாக, நிபுணத்துவ வேலைகளுக்கு எம்ப்ளாய்மென்ட் பாஸ். அதற்கு 2025 ஜனவரி முதல் 5,600 வெள்ளி. நிதித்துறையில் இரண்டுக்குமே வரம்பு இன்னும் அதிகம்.

அட்டை மாறினால் வாழ்க்கையே மாறிவிடும். எஸ் பாஸ், எம்ப்ளாய்மென்ட் பாஸ் வைத்திருப்பவர் நிலையான மாதச் சம்பளம் 6,000 வெள்ளி வாங்கினால் மனைவி மக்களை அழைத்து வைத்துக்கொள்ளலாம். நிரந்தரவாசத்துக்கும் விண்ணப்பிக்கலாம். ஒர்க் பெர்மிட்டில் இந்த இரண்டுமே இல்லை. கல்யாண விஷயத்திலும் ஒரு நிபந்தனை உண்டு. ஒர்க் பெர்மிட்டில் இருப்பவரோ முன்பு இருந்தவரோ சிங்கப்பூர்க் குடிமகனையோ நிரந்தரவாசியையோ மணப்பதானால், முதலில் மனிதவள அமைச்சின் ஒப்புதல் பெற வேண்டும். இரு கரையிலும் சொந்தபந்தம் உள்ள நம்மிடையே, பத்திரிகை அடித்த பிறகு இதைக் கேள்விப்படுகிறவர்கள் உண்டு.

ஒர்க் பெர்மிட்டில் எத்தனை ஆண்டுகள் இருக்கலாம் என்ற உச்சவரம்பு 2025 ஜூலை முதல் நீக்கப்பட்டுவிட்டது. வேலை செய்யக்கூடிய உச்ச வயதும் 60லிருந்து 63 ஆனது. பழைய கணக்கை நம்பி மூட்டை கட்ட நினைத்தவர்கள் முதலாளியிடம் மறுபடி கேட்டுப் பார்க்கலாம்.

வேலைக்கு அமர்த்தும் முன் அமைச்சு ஓர் ஒப்புதல் கடிதம் தரும். எல்லாரும் 'ஐபிஏ' என்கிறார்கள். சம்பளம் எவ்வளவு, படி எவ்வளவு, பிடித்தம் எவ்வளவு என்பதெல்லாம் அதில் இருக்கும். வாயால் 2,400 என்று சொல்லிவிட்டு கடிதத்தில் 1,800 என்று இருந்தால், பின்னாளில் எடுபடப்போவது 1,800தான். கடிதத்தில் உள்ள சம்பளத்தை ஊழியரின் எழுத்துபூர்வச் சம்மதமில்லாமல் முதலாளி குறைக்க முடியாது. ஆகவே கேட்கும் இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போடாதீர்கள். கடிதம் வந்துவிட்டது என்பதற்காக வேலையைத் தொடங்கிவிடக் கூடாது. பெர்மிட் வழங்கப்பட்ட பிறகே தொடங்க வேண்டும். முதலாளி கட்டும் லெவியை ஊழியரிடம் பிடிப்பதும், வேலை கொடுத்ததற்காகக் கைக்காசு வாங்குவதும் குற்றம். சிங்கப்பூரில் உரிமம் பெற்ற முகவர் ஓர் ஆண்டு ஒப்பந்தத்துக்கு ஒரு மாதச் சம்பளம் என்ற கணக்கில், அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல் கட்டணம் வாங்கக் கூடாது.

பெர்மிட்டில் குறிப்பிட்ட முதலாளியிடம், குறிப்பிட்ட வேலையை மட்டுமே செய்யலாம். இரவில் வேறு கடையில் பாத்திரம் கழுவுவது, இன்னொருவர் பெயரில் உள்ள கணக்கில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பது எல்லாம் சட்டவிரோதம். சமூக வருகைக்கு என்று நுழைந்துவிட்டு வேலை செய்து பிடிபட்டால் 20,000 வெள்ளி வரை அபராதம், ஈராண்டு வரை சிறை, அல்லது இரண்டும். நம் சமூகத்துக்கே உரிய துயரம் ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். பிறப்புப் பத்திரச் சிக்கலால் சிவப்பு அடையாள அட்டையோடு நிற்பவர்களுக்கு மலேசியக் கடப்பிதழ் கிடைக்காது. எவ்வளவு பணம் கொடுத்தாலும் எந்த முகவராலும் அதைக் கொண்டுவந்து தர முடியாது.

மோட்டார் சைக்கிளில் போகிறவர்களுக்கு

அதிகாலை நான்கு மணிக்கே பாலத்தில் விளக்கு வரிசை தொடங்கிவிடுகிறது. 1924இல் திறக்கப்பட்ட இந்தப் பாலத்தை நாளொன்றுக்கு மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் கடக்கிறார்கள். 1998 முதல் துவாஸில் இரண்டாவது பாலமும் இருக்கிறது.

இவ்வளவு பேர் போய் வருகிற பாதையில் விபத்து நடந்தால் இழப்பீடு யார் தருவார்? மலேசியாவில் வேலை செய்பவர் வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியில் அடிபட்டால் சொக்சோ பாதுகாப்பு உண்டு. அதே நினைப்பில் சிங்கப்பூரிலும் இருக்கும் என்று நம்புகிறார்கள். இல்லை. சிங்கப்பூரின் வேலைக்காய இழப்பீட்டுச் சட்டம் வேலையிடத்தில், வேலையின் பொருட்டு ஏற்படும் காயத்துக்கானது. முதலாளி ஏற்பாடு செய்த வாகனத்தில் பயணம் செய்தபோது அடிபட்டாலும் பாதுகாப்பு உண்டு. சொந்த மோட்டார் சைக்கிளில் போகும்போது விழுந்தால் பொதுவாக அந்தச் சட்டம் வராது. சிங்கப்பூர் முதலாளியிடம் வேலை செய்பவருக்கு சொக்சோ சந்தாவும் கட்டப்படுவதில்லை. ஆக, விடிகாலை நான்கு மணிக்குக் கிளம்பி எட்டு மணி வேலைக்குப் போய்ச் சேரும்வரை அந்தப் பையனுக்கு இரண்டு நாட்டுச் சட்டமும் துணை இல்லை.

ஒர்க் பெர்மிட், எஸ் பாஸ் ஊழியர்களுக்கு முதலாளி எடுத்தாக வேண்டிய மருத்துவக் காப்புறுதி ஆண்டுக்கு 60,000 வெள்ளி. அது சிங்கப்பூரில் மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்குரியது. கால் முறிந்து மாதக்கணக்கில் வீட்டில் கிடந்தால் அது சம்பளம் தராது. சொந்தச் செலவில் ஒரு தனிநபர் விபத்துக் காப்புறுதி எடுத்துவைப்பதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. எடுக்கும்போது, சிங்கப்பூர்ச் சாலையில் நடக்கும் விபத்துக்கும் அது செல்லுமா என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

முதுமைக்காலச் சேமிப்பிலும் இதே கதைதான். சிங்கப்பூரின் மத்திய சேமநிதி குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டுமே. இருபது ஆண்டு உழைத்துவிட்டுத் திரும்புகிற ஒர்க் பெர்மிட்காரருக்குக் கடைசிச் சம்பளத்தோடு கணக்கு முடிந்தது. தோட்டத்தில் பால் வெட்டிய நம் பாட்டிமாருக்குக்கூட ஊழியர் சேமநிதி இருந்தது என்பதை நினைத்தால் மனம் சங்கடப்படுகிறது. மலேசிய ஊழியர் சேமநிதி வாரியத்தில் நாமாகவே பணம் போடலாம். ஆண்டுக்கு ஒரு லட்சம் ரிங்கிட் வரை அனுமதி. மாதம் நூறு வெள்ளியானாலும் போட்டுவையுங்கள்.

எல்லை எப்போதும் திறந்தே இருக்கும் என்றும் நம்பியிருந்தோம். 2020 மார்ச் 18இல் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது பாலம் ஒரே நாளில் வெறிச்சோடியது. முழுமையாகத் திறக்க 2022 ஏப்ரல் 1 ஆயிற்று. ஜொகூர் நீரிணைக்கு அப்பால் கண்ணுக்குத் தெரிகிற ஊரில் பெற்றவர் இறந்தும், கைப்பேசித் திரையில் ஈமச்சடங்கு பார்த்தவர்கள் நம்மில் இருக்கிறார்கள். இப்போது புக்கிட் சாகாரிலிருந்து உட்லண்ட்ஸ் நார்த்துக்கு ஐந்து நிமிடத்தில் போகும் ஆர்டிஎஸ் ரயில் பாதை போடப்பட்டிருக்கிறது. திசைக்கு மணிக்குப் பத்தாயிரம் பேர் போகலாம் என்பது கணக்கு.

பையில் இருக்கக் கூடாதவை

மலேசியாவிலிருந்து போகிறவருக்கு சிகரெட்டில் தீர்வைச் சலுகை கிடையாது. ஒரு பாக்கெட்டானாலும் தெரிவித்து வரி கட்ட வேண்டும். மதுவிலும் மலேசியாவிலிருந்து நுழைவோருக்குச் சலுகை இல்லை. வேப் பிடிப்பதும் வைத்திருப்பதும் 2018 முதல் அங்கே குற்றம். அண்மையில் தண்டனையும் கடுமையாகியிருக்கிறது. பையில் மறந்து வைத்திருந்தேன் என்று சொன்னால் அதிகாரி ஏற்கமாட்டார்.

மற்றது உயிர்ப் பிரச்சினை. சிங்கப்பூரில் 15 கிராமுக்கு மேல் தூய ஹெராயின் கடத்தினால் மரண தண்டனை. ஈப்போவைச் சேர்ந்த நாகேந்திரன் தர்மலிங்கம் 2009இல் 42.72 கிராமுடன் உட்லண்ட்ஸ் சாவடியில் பிடிபட்டார். அறிவுத்திறன் குறைந்தவர் என்று அவர் தரப்பு வாதாடியது. உலகெங்கும் கருணை கோரிக் குரல் எழுந்தது. 2022 ஏப்ரல் 27இல் தூக்கிலிடப்பட்டார். அந்தத் தண்டனை சரியா என்ற வாதம் ஒரு பக்கம் இருக்கட்டும். 'இந்தப் பொட்டலத்தை அங்கே கொடுத்துவிடு, உன் கடனைக் கழித்துக்கொள்கிறேன்' என்று கேட்பவன் பெரும்பாலும் தெரிந்தவனாகவே இருப்பான். எதையும் பிரித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். பிறர் வண்டியை ஓட்டிக்கொண்டும் போகாதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமைத் தேக்கா

ஞாயிறு மாலை சிராங்கூன் சாலையில் நின்றால் தோளோடு தோள் இடிக்கும் கூட்டம். பிலிப்பீன்ஸ் பெண்கள் லக்கி பிளாசாவிலும், மியன்மார்க்காரர் பெனின்சுலா பிளாசாவிலும் கூடுவார்கள். தாய்லாந்துத் தொழிலாளருக்கு பீச் ரோட்டில் கோல்டன் மைல் கட்டடம் இருந்தது. 2023இல் அங்கிருந்த கடைகள் காலி செய்தபோது பலர் புகைப்படம் எடுத்து வைத்துக்கொண்டார்கள். தமிழ்நாட்டுத் தொழிலாளருக்கும் வங்காளதேசத்தவருக்கும் தேக்காதான். முடிவெட்டி, பணம் அனுப்பி, முஸ்தபாவில் ஊருக்குச் சாமான் வாங்கி, வீரமாகாளியம்மனைக் கும்பிட்டு, ஊர்க்காரனோடு நின்று பேசிவிட்டு விடுதிக்குத் திரும்புவார்கள்.

நம்மவர் சிலர் அவர்களைக் கொஞ்சம் இளக்காரமாகப் பார்ப்பதைக் கண்டிருக்கிறேன். வருத்தமாக இருக்கிறது. அவர்களுக்குக் கிடைக்காத பலவற்றை நாம் கேட்காமலே பெற்றிருக்கிறோம். மலேசியர் எல்லாத் துறையிலும் ஒர்க் பெர்மிட் வாங்கலாம். அவர்கள் பெரும்பாலும் கட்டுமானம், கப்பல் பட்டறை போன்றவற்றிலும், பட்டியலிட்ட சில வேலைகளிலும் மட்டும். அவர்கள் ஒவ்வொருவருக்கும் முதலாளி 5,000 வெள்ளி பிணைத்தொகை வைக்க வேண்டும். நமக்கு அது இல்லை. நாம் வீவக வீட்டில் அறை எடுத்துத் தங்கலாம். கட்டுமானத் தொழிலாளியான அவர் தங்க முடியாது. நாம் இரவு வீட்டுக்குப் போய்ப் பிள்ளை முகம் பார்க்கிறோம். அவர் பார்த்து ஓராண்டோ ஈராண்டோ ஆகியிருக்கும்.

2013 டிசம்பர் 8இல் ரேஸ் கோர்ஸ் சாலையில் தனியார் பேருந்தில் அடிபட்டு இந்தியத் தொழிலாளி ஒருவர் இறந்ததைத் தொடர்ந்து கலவரம் மூண்டது. அதன்பின் 2015இல் வந்த மதுக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, லிட்டில் இந்தியாவில் வார இறுதி முழுக்கப் பொது இடத்தில் மது அருந்தத் தடை. சட்டம் மலேசியரா, இந்தியரா என்று பார்ப்பதில்லை. புல்தரையில் உட்கார்ந்து டின்னைத் திறக்காதீர்கள்.

அடிபட்டு வேலையின்றி, வழக்கு முடியும்வரை காத்திருக்கும் தொழிலாளருக்கு டிடபிள்யூசி2 என்ற தொண்டு அமைப்பு 2008 முதல் லிட்டில் இந்தியாவில் இலவசச் சாப்பாடு தருகிறது. தேக்காவுக்குப் போகிறவர்கள் தெரிந்து வைத்திருக்கலாம். யாருக்காவது வழிகாட்ட நேரும்.

சம்பளம் வராவிட்டால்

சம்பளம் அந்தக் கணக்குக் காலம் முடிந்து ஏழு நாளுக்குள் தரப்பட வேண்டும். மிகைநேரச் சம்பளம் பதினான்கு நாளுக்குள். சம்பளச் சீட்டு கட்டாயம். புகாரை முத்தரப்புச் சச்சரவு நிர்வாகக் கூட்டணியிடம் கொடுக்க வேண்டும். வேலையில் இருந்தால் பாக்கி விழுந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள், வேலையை விட்டிருந்தால் கடைசி நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள். கோபத்தில் வேலையை உதறிவிட்டு ஜொகூருக்கு வந்து ஓராண்டு கழித்துக் கேட்டால் கிடைக்காது. காய இழப்பீட்டுக்கும் விபத்து நடந்த ஓராண்டுக்குள் கோர வேண்டும். வெளிநாட்டு ஊழியர் நிலையத்தின் 24 மணிநேர எண் 6536 2692. கடப்பிதழை முதலாளி வாங்கி வைத்துக்கொண்டால் அதுவும் குற்றம்தான்.

விடுமுறை விஷயம் ஒன்று. ஜொகூரில் 2014 முதல் வெள்ளி, சனி வார விடுமுறையாக இருந்ததால், ஞாயிறு மட்டும் ஓய்வு கிடைக்கும் தகப்பனும் பள்ளி போகும் பிள்ளையும் வாரக்கணக்கில் ஒழுங்காகச் சந்திக்காத வீடுகள் இருந்தன. 2025 ஜனவரி முதல் ஜொகூர் சனி, ஞாயிறுக்குத் திரும்பிவிட்டது. தீபாவளி இரண்டு பக்கமும் பொது விடுமுறை. தைப்பூசம் அப்படியல்ல. ஜொகூரில் விடுமுறை; சிங்கப்பூரில் 1968இல் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். முதல் ஆண்டில் ஏழு நாள்தான் ஆண்டு விடுப்பு, அதுவும் மூன்று மாதம் வேலை செய்த பிறகு. காவடி எடுக்க நேர்ந்துகொண்டவர்கள் அந்த ஏழில் ஒன்றை முன்கூட்டியே எழுதிக் கொடுத்து வைக்க வேண்டும்.