ஒரு கரு, இரண்டு பெயர்

2008இல் மைக்ரோசொஃப்ட் ‘ட்ரீம்ஸ்பார்க்’ திட்டத்தில் மாணவர்களுக்கு விண்டோஸ் சேர்வரை இலவசமாகக் கொடுத்தது. கைக்கு வந்த சேர்வரையே லப்டொப்பில் போட்டவர்களும் உண்டு. போட்டதும் திரையில் எழுத்தும் படமும் பெருத்துத் தெரியும். கிராபிக்ஸ் ட்ரைவரை நிறுவப்போனால், ‘இந்த இயங்குதளத்துக்கு ஆதரவில்லை’ எண்டு நிண்டுவிடும்.

ஆனால் 2009இல் வந்த விண்டோஸ் 7, சேர்வர் 2008 ஆர்2 இரண்டுக்கும் உள்ளே இருந்தது ஒரே கருதான். பதிப்பு எண்ணும் 6.1. ஆர்2 64-பிற்றில் மட்டுமே வந்தது. ஆகவே விண்டோஸ் 7இன் 64-பிற் ட்ரைவரை விரித்தெடுத்து, டிவைஸ் மனேஜரில் கையால் காட்டினால் பல நேரம் ஏற்றுக்கொள்ளும்.

தான் பரிசோதிக்காததுக்குத் தயாரிப்பாளர் பொறுப்பெடுக்கமாட்டார். ‘ஆதரவில்லை’ எண்டதன் பொருள் அவ்வளவுதான். அதை ‘ஏலாது’ எண்டு வாசித்துப் பழகினது நாங்கள்தான்.