மாமனாருக்கு பி.சி.ஜி!

2024ல் பேரனைப் பார்க்க புனே வந்த என் மாமனார், வந்த நாலாம் நாள் காலையில் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "மாப்ள, ஒண்ணுக்கு சிவப்பா போவுது" என்றார். வலி எதுவும் இல்லை. முந்தின நாள் சாப்பிட்ட பீட்ரூட் பொரியல் மேல் பழியைப் போட்டு இரண்டு நாள் ஓட்டினோம் (தயவுசெய்து யாரும் இப்படிச் செய்யாதீங்க). அப்புறம் ஸ்கேன், உள்ளே குழாய் விட்டுப் பார்த்தது எல்லாம் முடிந்து, சிறுநீர்ப்பையின் உட்சுவரில் புற்றுநோய் என்றார்கள். சதைக்குள் இறங்கவில்லை, மேலோட்டமாகத்தான் இருந்தது. சுரண்டி எடுத்துவிட்டு, திரும்ப வராமல் இருக்க ஒரு மருந்து எழுதிக் கொடுத்தார் டாக்டர். அதைப் பார்த்துத்தான் மாமாவுக்கு சிரிப்பு வந்தது. பி.சி.ஜி!

"இது பொறந்த புள்ளைக்குக் கையில குத்துறதாச்சே?"

அதேதான். குழந்தைக்கு டி.பி. வராமல் இருக்கப் போடும் அதே கிருமி, பல மடங்கு அதிக அளவில். பொட்டி தட்டிப் பிழைக்கிற எனக்கும் அன்றுதான் தெரியும். அன்றிரவு படிக்க உட்கார்ந்தவன் மூன்று மணிக்குத்தான் எழுந்தேன்.

முதலில் ஒரு கேள்வி. உடம்பில் கிருமி நுழைந்தால் துரத்தியடிக்கும் நோய் எதிர்ப்பு சக்தி, புற்றுநோயை ஏன் விட்டுவைக்கிறது? ஆஸ்திரேலியாவின் மெக்ஃபார்லேன் பர்னெட் 1957ல் ஒரு யோசனை சொன்னார். உடம்பில் அடிக்கடி கெட்ட செல்கள் முளைக்கின்றன, ரோந்து போகும் வெள்ளை அணுக்கள் அவற்றைக் கொன்றுகொண்டே இருக்கின்றன என்று. 1974ல் ஸ்டட்மன் என்பவர் தைமஸ் சுரப்பி சரியாக வளராத எலிகளை வைத்துப் பார்த்தார். அவற்றுக்கு புற்றுநோய் ஒன்றும் கூடுதலாக வரவில்லை. ரோந்தாவது மண்ணாவது என்று பெரும்பாலானோர் அதைக் கைகழுவினார்கள். அந்த எலிகளிடமும் கொஞ்சம் எதிர்ப்பு சக்தி மிச்சம் இருந்தது பிற்பாடுதான் புரிந்தது. 2001ல் அமெரிக்காவின் ராபர்ட் ஷ்ரைபர் குழு, எதிர்ப்பு சக்தி இன்னும் நன்றாக முடக்கப்பட்ட எலிகளில் புற்றுநோய் அதிகம் வருவதைக் காட்டியது. ரோந்து உண்மைதான். ஆனால் அதில் ஒரு வினை இருக்கிறது. கண்ணில் படுகிற செல்கள் எல்லாம் செத்துவிட, ஒளியத் தெரிந்தவை மட்டும் பிழைத்துப் பெருகுகின்றன. டாக்டர் கையில் கட்டியாகச் சிக்கும் நேரத்தில் அது பல வருஷம் ஒளிந்து பழகிய கூட்டம்.

எப்படி ஒளிகிறது? நம் சொசைட்டி வாட்ச்மேனை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு செல்லும் தனக்குள் தயாராகும் புரதங்களின் துணுக்குகளை வாசலில் காட்சிக்கு வைக்கவேண்டும். டி செல்கள் அதைப் பார்த்து ஆள் சரியா என்று முடிவு செய்கின்றன. சில புற்றுசெல்கள் அந்த வாசலையே மூடிவிடுகின்றன. சில, வந்த டி செல்லின் கையைப் பிடித்து 'நம்ம ஆளுதான், போங்க' என்று திருப்பி அனுப்புகின்றன. அப்படிப் பிடித்து நிறுத்த உதவும் கைப்பிடிகளில் ஒன்றுதான் பி.டி-1. 1992ல் ஜப்பானின் தசுக்கு ஹோன்ஜோ குழு கண்டுபிடித்தது. இதுபோன்ற பிரேக்குகளை விடுவித்தால் புற்றுநோயை அடிக்கலாம் என்று காட்டியதற்காக 2018ல் அவருக்கும் ஜேம்ஸ் ஆலிசனுக்கும் நோபல் கிடைத்தது. இன்னும் சில புற்றுக்கட்டிகள் உடம்பின் சமாதானப் படையையே (எதிர்ப்பு சக்தி எல்லை மீறாமல் அடக்கி வைக்கும் டி செல்கள்) தம்மைச் சுற்றிக் காவலுக்கு வைத்துக்கொள்கின்றன. அந்தப் படை பற்றிய ஆராய்ச்சிக்கு 2025ல் நோபல்.

இதெல்லாம் தெரிவதற்கு நூறு வருஷம் முன்பே, நியூயார்க்கில் வில்லியம் கோலி என்ற சர்ஜன் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார். கழுத்தில் கட்டியோடு சாகக் கிடந்த ஒருவருக்கு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி தொற்றிக் கடும் காய்ச்சல் அடித்து, கட்டியே கரைந்துபோயிருந்தது. 1891ல் அவர் வேண்டுமென்றே நோயாளிக்கு அந்தக் கிருமியை ஊசியில் ஏற்ற ஆரம்பித்தார். துணிச்சலா பைத்தியக்காரத்தனமா என்று எனக்கு இன்னும் முடிவு செய்ய முடியவில்லை. சிலர் பிழைத்தார்கள், சிலர் காய்ச்சலிலேயே போனார்கள். பின்னால் ரேடியேஷன் வந்ததும் கோலி ஓரங்கட்டப்பட்டார்.

பி.சி.ஜி. பிறந்தது பிரான்சில். கால்மெத், கெரான் இருவரும் மாட்டு டி.பி. கிருமியை, மாட்டுப் பித்தநீரில் ஊறிய உருளைக்கிழங்குத் துண்டில் வளர்த்து, மூன்று வாரத்துக்கு ஒருதரம் மாற்றி மாற்றி, 1908 முதல் 1921 வரை 13 வருஷம், 230 தடவை வளர்த்து அதன் பல்லைப் பிடுங்கினார்கள். 1929ல் ரேமண்ட் பெர்ல், பிரேதப் பரிசோதனைக் கணக்குகளை வைத்து டி.பி. இருந்தவர்களிடம் புற்றுநோய் குறைவு என்று எழுதினார். கணக்கில் ஓட்டை என்றார்கள். 1959ல் லாயிட் ஓல்ட், பி.சி.ஜி. போட்ட எலிகள் புற்றுக்கட்டியை எதிர்த்து நிற்பதைக் காட்டினார். கடைசியில் 1976ல் கனடாவின் கிங்ஸ்டன் நகரில் ஆல்வரோ மொரால்ஸ், ஒன்பது நோயாளிகளின் சிறுநீர்ப்பையில் குழாய் வழியாக இதை விட்டுப் பார்த்து அறிக்கை எழுதினார். வாரம் ஒன்று, ஆறு வாரம். ஏன் ஆறு? அவருக்குக் கிடைத்த மருந்து ஆறு குப்பிகளாக வந்ததாம், அவ்வளவுதான்! இன்றைக்கும் உலகம் பூராவும் முதல் சுற்று ஆறு வாரம்தான். 1990ல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது.

உள்ளே போன கிருமி சிறுநீர்ப்பைச் சுவரில் ஒட்டிக்கொள்கிறது. எதிர்ப்புப் படைக்குப் பழைய எதிரியின் வாடை அடிக்கிறது. கூட்டம் கூட்டமாக ஓடி வருகிறார்கள். அந்தக் களேபரத்தில் பக்கத்தில் ஒளிந்திருந்தவனும் மாட்டிக்கொள்கிறான். அதனால்தான் எரிச்சலும் காய்ச்சலும். எல்லோருக்கும் வேலை செய்வதில்லை. அப்படிக் கைவிடப்பட்டவர்களில் சிலருக்கு, பி.டி-1 பிரேக்கை விடுவிக்கும் பெம்ப்ரோலிசுமாப் மருந்தை 2020ல் அமெரிக்கா அனுமதித்தது.

இனி நம்ம ஊர்க் கதை. இந்தியாவில் பி.சி.ஜி. கிண்டியில் ஆரம்பித்தது. 1948ல் அங்கே தயாரிப்புக் கூடம் திறந்தார்கள். அதே வருஷம் அப்போதைய மதராஸ் மாகாணத்தில் இருந்த மதனப்பள்ளியில் ஊசி போட்டார்கள். 1955ல் ராஜாஜி இதை எதிர்த்துப் புத்தகமே போட்டார். அப்புறம் 1968 முதல் 1971 வரை செங்கல்பட்டு மாவட்டத்தில், திருவள்ளூர் பக்கத்துக் கிராமங்களில் உலகின் மிகப் பெரிய பி.சி.ஜி. பரிசோதனை நடந்தது. இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். சிலருக்கு மருந்து, சிலருக்கு வெறும் திரவம். எது யாருக்கு என்று போடுகிறவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. 1979ல் முடிவு வந்தபோது உலகமே அதிர்ந்தது: பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் டி.பி.யை இது தடுக்கவில்லை. குழந்தைகளின் மூளைக்காய்ச்சல் டி.பி.யைத் தடுப்பதால்தான் இன்றும் போடுகிறோம்.

நான் இதைப் படித்துச் சொன்னபோது மாமா சட்டைக் கையை மடித்துக் காட்டினார். அவர் ஊர் திருவள்ளூருக்குப் பக்கம். பன்னிரண்டு வயதில் பள்ளிக்கூடத் திண்ணையில் வரிசையில் நின்று போட்டுக்கொண்டாராம். கையில் தழும்பே இல்லை.

"எனக்கு வெறும் தண்ணி குத்திட்டாங்க போல. அம்பத்தஞ்சு வருஷம் கழிச்சு பாக்கியைத் தீர்க்கிறாங்க!"

கிண்டிக் கூடத்தின் லைசென்சை 2008ல் அரசாங்கம் நிறுத்தி வைத்து 2010ல் திருப்பிக் கொடுத்தது. புற்றுநோய்க்கான ஆன்கோ பி.சி.ஜி.யோ இங்கே புனேயில், 1966ல் சைரஸ் பூனாவாலா ஆரம்பித்த சீரம் இன்ஸ்டிட்யூட்டில் தயாராகிறது. ரஷ்ய வகைக் கிருமி. மகர்பட்டாவில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து ஹடப்சரில் உள்ள அந்த கேட், ஆட்டோவில் போகிற தூரம்தான். இதில் கொஞ்சம் பெருமை உண்டு. பணக்கார நாடுகளிலேயே இந்த மருந்துக்குத் தட்டுப்பாடு. 2012ல் டொரண்டோ தொழிற்சாலையில் வெள்ளம் புகுந்தது, பிறகு அந்தக் கம்பெனி தயாரிப்பையே நிறுத்தியது. அதன்பின் அமெரிக்காவுக்கு ஒரே கம்பெனிதான் கதி என்றாகிவிட்டது.

ஆறு வாரமும் நான்தான் ஐஸ் பெட்டியில் மருந்தைக் கொண்டுபோனேன். உள்ளே விட்டபின் இரண்டு மணி நேரம் அடக்கிக்கொள்ளவேண்டும். கால் மணிக்கு ஒருதரம் இந்தப் பக்கம், அந்தப் பக்கம், குப்புற, மல்லாக்க என்று புரளவேண்டும். மாமா அதற்கு 'அங்கப்பிரதட்சிணம்' என்று பேர் வைத்தார். அன்றைக்கு பாத்ரூம் போகும்போதெல்லாம் பிளீச்சிங் ஊற்றிக் கால் மணி நேரம் விட்டுத் தண்ணீர் அடிக்கவேண்டும், உயிருள்ள கிருமியாச்சே. நாலாவது வாரம் 101 டிகிரி காய்ச்சல். என் மனைவி அழுதாள். மாமாவோ நடுங்கிக்கொண்டே, "படை எறங்கிடுச்சும்மா" என்றார்.

மூன்றாம் மாதம் குழாய் விட்டுப் பார்த்ததில் ஒன்றும் இல்லை. பராமரிப்புச் சுற்று, வாரம் ஒன்று வீதம் மூன்று தடவை, இன்னும் பாக்கி இருந்தது. அரக்கோணத்திலிருந்து ரயில் ஏறும்போது போன் செய்தார். டாக்டரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "பிளீச்சிங் பவுடர் இருக்கா, நான் வாங்கிட்டு வரட்டுமா?"