ஆர்.இ.எம்.: முதல் கேசட்டும் முதல் ஒப்பந்தமும்

ஆர்.இ.எம்., அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் உள்ள ஏதென்ஸ் என்ற பல்கலைக்கழக ஊரில் உருவான ராக் இசைக்குழு. பீட்டர் பக் (கிட்டார்) அங்கே ஓர் இசைத்தட்டுக் கடையில் வேலை பார்த்தார். ஓவியக்கலை படித்துக்கொண்டிருந்த மைக்கேல் ஸ்டைப் (பாடகர்) அந்தக் கடைக்கு வந்துபோகிறவர். மைக் மில்ஸ் (பேஸ் கிட்டார்), பில் பெர்ரி (டிரம்ஸ்) இருவரும் மேக்கன் நகரில் பள்ளிக் காலத்திலேயே சேர்ந்து வாசித்தவர்கள். நால்வரும் 1980 ஏப்ரல் 5 அன்று, வழிபாடு நின்றுபோன ஒரு தேவாலயத்தில் நடந்த பிறந்தநாள் விருந்தில் முதன்முதலாக வாசித்தனர்.

1981 பிப்ரவரியில் எட்டுப் பாடல்களைப் பதிவு செய்து பார்த்தனர். அவர்களுக்கே அது பிடிக்கவில்லை. ஏப்ரலில் வட கரோலினாவின் வின்ஸ்டன்-சேலத்துக்குப் போனார்கள். அங்கே மிட்ச் ஈஸ்டர் தம் பெற்றோர் வீட்டுக் கார் ஷெட்டை ‘டிரைவ்-இன்’ என்ற பெயரில் ஒலிப்பதிவுக் கூடமாக்கி வைத்திருந்தார். ‘ரேடியோ ஃப்ரீ யூரோப்’, ‘சிட்டிங் ஸ்டில்’, ‘ஒயிட் டொர்னாடோ’ ஆகிய மூன்றும் அங்கே பதிவாயின. முதல் பாட்டுக்கு ஸ்டைப் அப்போது வரிகளை முழுதாக எழுதியிருக்கவில்லை. வாயில் வந்ததைக் குழறிப் பாடினார். பின்னாளில் விமர்சகர்கள் வியந்து எழுதிய ‘மர்மம்’ பாதி இந்த அவசரத்தில் பிறந்தது என்றே சொல்ல வேண்டும்.

சுமார் 400 கேசட்டுகள் பிரதி எடுக்கப்பட்டு கிளப்புகளுக்கும் பத்திரிகைகளுக்கும் இசைத்தட்டு நிறுவனங்களுக்கும் போயின. அட்லாண்டாவில் சட்டம் படித்துக்கொண்டிருந்த ஜானி ஹிப்பர்ட், தம் சிறு நிறுவனமான ஹிப்-டோன் வழியாக ஒரு சிங்கிள் வெளியிட முன்வந்தார். அதில் இடம்பெற்ற ‘ரேடியோ ஃப்ரீ யூரோப்’, ‘சிட்டிங் ஸ்டில்’ ஆகிய இரு பாடல்களின் பதிப்புரிமையைத் தமக்கு எழுதி வாங்கிக்கொண்டார். ஜூலையில் வந்த முதல் 1,000 தட்டுகளில் நிறுவனத்தின் முகவரியை அச்சிட மறந்துவிட்டார்கள். ஒலியின் தரம் மங்கலாக இருந்ததில் கோபம் கொண்ட பக், ஒரு தட்டை உடைத்துச் சுவரில் ஒட்டிவைத்தார். ஆனாலும் நியூயார்க் டைம்ஸ் இந்தச் சிங்கிளை அந்த ஆண்டின் பத்துச் சிறந்த சிங்கிள்களில் ஒன்றாகச் சேர்த்தது. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் பின்னர் இடம்பெற்றதும் இந்த மங்கலான பதிவுதான்.

பெருநிறுவனமான ஆர்.சி.ஏ. ஆர்வம் காட்டியும், குழு 1982 மே மாதம் மைல்ஸ் கோப்லாண்டின் ஐ.ஆர்.எஸ். நிறுவனத்தோடு ஒப்பந்தமிட்டது. மைல்ஸின் தம்பி இயன் கோப்லாண்ட், பெர்ரிக்கு மேக்கன் நாளிலிருந்தே நண்பர். பணத்தைவிடத் தங்கள் பாட்டில் பிறர் கைவைக்காதிருப்பதே குழுவினருக்குப் பெரிதாகப் பட்டது. முன்பே டிரைவ்-இன்னில் பதிவாகியிருந்த ஐந்து பாடல்கள் ஆகஸ்டில் ‘க்ரானிக் டவுன்’ என்ற சிறு தொகுப்பாக வெளிவந்தன.

முழு ஆல்பத்துக்கு ஐ.ஆர்.எஸ். முதலில் அமர்த்திய தயாரிப்பாளர் ஸ்டீஃபன் ஹேக், ஒரே பாட்டைத் திரும்பத் திரும்ப வாசிக்கவைத்து, பிறகு அதில் கீபோர்டும் சேர்த்தார். குழு சலித்துப்போய் ஈஸ்டரையே மீண்டும் கேட்டது. அவரும் டான் டிக்ஸனும் சார்லட் நகரில் தயாரித்த ‘மர்மர்’ 1983 ஏப்ரலில் வெளியானது; ரோலிங் ஸ்டோன் பத்திரிகை அதை ஆண்டின் சிறந்த ஆல்பமாகத் தேர்ந்தது. இந்த ஆல்பத்துக்காகப் புதிதாகப் பதிவான ‘ரேடியோ ஃப்ரீ யூரோப்’ பில்போர்டு பட்டியலில் 78ஆம் இடத்தோடு நின்றது. குழு 1988இல் ஐ.ஆர்.எஸ். நிறுவனத்தை விட்டு வார்னர் பிரதர்ஸ் நிறுவனத்துக்கு மாறியது.