நீச்சல் குளம் என்ன விலை?

அமெரிக்காவில் வீட்டுக்குப் பின்னால் நீச்சல் குளம் கட்ட ஆசைப்படுகிறவர் முதலில் கேட்பது இந்தக் கேள்வியைத்தான். ஆனால் 2009 வாக்கில் குளம் கட்டும் கம்பெனிகளின் இணையதளங்களில் எதற்கு வேண்டுமானாலும் பதில் இருக்கும், இதற்கு மட்டும் அநேகமாக இருக்காது. "போன் பண்ணுங்க, நேர்ல வந்து பார்த்துட்டுச் சொல்றோம்." அவ்வளவுதான். விலையைச் சொன்னால் போட்டிக் கம்பெனிக்காரன் தெரிந்துகொள்வான், வாடிக்கையாளர் மிரண்டு ஓடிவிடுவார் என்று பயம்.

மார்கஸ் ஷெரிடனும் அந்தப் பயத்தோடு இருந்தவர்தான். வர்ஜீனியா மாநிலத்தில் இரண்டு கூட்டாளிகளோடு ரிவர் பூல்ஸ் அண்ட் ஸ்பாஸ் என்ற கம்பெனியை நடத்தினார். ஃபைபர்கிளாஸ் குளம்தான் அவர்கள் சரக்கு. அதாவது, தொழிற்சாலையில் ஒரே வார்ப்பாகச் செய்து, லாரியில் ஏற்றிவந்து, வெட்டி வைத்த குழிக்குள் இறக்கிவிடுகிற குளம். 2007-ல் ரேடியோ, டிவி, இணைய விளம்பரம் என்று ஆண்டுக்குச் சுமார் இரண்டரை லட்சம் டாலர் செலவு செய்து சுமார் 40 லட்சம் டாலருக்கு வியாபாரம் பார்த்தார்கள்.

2008 செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் கவிழ்ந்தது. இதற்கும் நீச்சல் குளத்துக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். நிறைய பேர் வீட்டின் மதிப்பை வைத்து வங்கியில் கடன் வாங்கித்தான் குளம் கட்டுவார்கள். வீட்டு விலை சரிந்ததும் அந்தக் கடன் நின்றது. 50 ஆயிரம் டாலருக்கு மேல் மதிப்புள்ள குளங்களுக்கு முன்பணம் கட்டியிருந்தவர்கள் பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். கம்பெனியின் வங்கிக் கணக்கு தொடர்ந்து மூன்று வாரம் இருப்புக்குக் கீழே போனது. திவால் ஆனால் கூட்டாளிகளின் வீடுகளும் போகும், வேலைக்காரர்களின் பிழைப்பும் போகும்.

விளம்பரத்துக்குப் பணமில்லை. இந்த நிலையில்தான் ஷெரிடன் ராத்திரியில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார். இலக்கிய ஆர்வம் எல்லாம் இல்லை :) அத்தனை வருடம் வாடிக்கையாளர்கள் வாய்விட்டுக் கேட்ட கேள்விகள் ஒவ்வொன்றையும் தலைப்பாக வைத்து, கீழே பதில் எழுதி, கம்பெனி வலைப்பதிவில் போட்டார். அதையும் விடாமல் வாராவாரம் செய்தார்.

முதலில் எழுதியவற்றில் ஒன்று விலை பற்றியது. வேடிக்கை என்னவென்றால், அதில் ஒற்றை விலை கிடையாது. குழி வெட்டும் மண் எப்படி, குளத்தின் அளவு என்ன, சுற்றித் தளம் வேண்டுமா, எது ஏறினால் செலவு எவ்வளவு ஏறும் என்று விளக்கியிருந்தார். "சூழ்நிலையைப் பொறுத்தது" என்பதுதான் பதில், ஆனால் எந்தச் சூழ்நிலை என்று சொன்ன பதில். யாருமே எழுதாத விஷயம் என்பதால், கூகிளில் ஃபைபர்கிளாஸ் குளத்தின் விலையைத் தேடியவர்கள் இவரிடம் வந்து விழுந்தார்கள். அந்த ஒரு கட்டுரை வழியாக வந்த விற்பனை மட்டும் குறைந்தது 17 லட்சம் டாலர் என்று 2013-ல் நியூயார்க் டைம்ஸுக்கு அளித்த பேட்டியில் சொன்னார்.

விலை எழுதுவதாவது பரவாயில்லை. அடுத்து, ஃபைபர்கிளாஸ் குளத்தில் உள்ள குறைகளையே எழுதினார். லாரியில் சாலை வழியாக வரவேண்டும், அதனால் சுமார் 16 அடிக்கு மேல் அகலம் கிடைக்காது. கான்கிரீட் மாதிரி இஷ்டப்பட்ட வடிவமும் கிடைக்காது. வினைல் விரிப்புக் குளத்தைவிட ஆரம்பச் செலவு அதிகம். தன் சரக்கைத் தானே குறை சொல்கிறான் என்று மற்றவர்கள் சிரித்திருக்கலாம். இன்னும் ஒரு படி மேலே போய், ரிச்மண்ட் நகரில் நல்ல குளம் கட்டுபவர்கள் யார் என்று ஒரு பட்டியல் போட்டார். அதில் தன் கம்பெனியைச் சேர்க்கவில்லை! ஆனால் போட்டிக் கம்பெனிகளின் பெயரைத் தேடியவர்கள் வந்து சேர்ந்த இடம் ஷெரிடனின் தளம். இது நேர்மையா, தந்திரமா? இரண்டும்தான் என்று தோன்றுகிறது. பட்டியலில் பொய் இல்லாதவரை யாருக்கும் நஷ்டமில்லை.

வந்தவர்களில் யார் வாங்குகிறார்கள் என்று பார்த்தபோது இன்னொன்று தெரிந்தது. விற்பனையாளர் வீட்டுக்குப் போவதற்கு முன்பே தளத்தில் 30 பக்கம் அல்லது அதற்கு மேல் படித்தவர்களில் 80 சதவீதம் பேர் வாங்கினார்களாம். இது ஷெரிடன் சொல்லும் கணக்கு. படித்ததால் வாங்கினார்களா, வாங்க முடிவு செய்தவர்கள்தான் உட்கார்ந்து படித்தார்களா என்று பிரிப்பது கஷ்டம். ஆனால் 30 பக்கம் படிக்காதவர் வீட்டுக்கு ஆள் அனுப்பி ஒரு சாயங்காலத்தை வீணாக்க வேண்டாம் என்பது தெரிந்துவிட்டதே, அதுவே மிச்சம்.

2011-ல் விளம்பரச் செலவு சுமார் 20 ஆயிரம் டாலர். விற்பனை சுமார் 45 லட்சம். விற்பனை ஒன்றும் பல மடங்கு ஆகிவிடவில்லை. செலவைப் பாருங்கள்: 100 டாலர் விற்பனைக்கு 6.25 டாலராக இருந்த விளம்பரச் செலவு அரை டாலருக்கும் கீழே இறங்கிவிட்டது. அதுவும் வீட்டு விலை இன்னும் தலைநிமிராத வருடங்களில்.

இதில் லாப நஷ்டக் கணக்கில் ஏறாத ஒரு செலவு இருக்கிறது. பகலில் குளம் விற்றுவிட்டு ராத்திரி எழுதிய மனுஷனின் மணி நேரங்களுக்கு யாரும் சம்பளம் போடவில்லை. வேறு ஆளை வைத்து எழுத வைத்திருந்தால் அந்த 20 ஆயிரம் எங்கே போய் நின்றிருக்குமோ. தவிர, எத்தனை வாடிக்கையாளர் வீட்டில் உட்கார்ந்து பேசியிருந்தால் அந்தக் கேள்விகள் எல்லாம் தெரிந்திருக்கும்? சம்பளத்துக்கு வந்தவருக்கு அது தெரியாது.

ஷெரிடன் பிறகு இந்த முறையையே மற்றவர்களுக்குக் கற்றுத்தரும் ஆலோசகர் ஆனார். 2017-ல் 'தே ஆஸ்க், யூ ஆன்ஸர்' என்று புத்தகமும் வந்தது. ஆகவே இந்தக் கதையை அதிகம் சொல்பவர் இந்தக் கதையால் பிழைப்பவர் என்பதையும் மனதில் வைத்துத்தான் படிக்க வேண்டும். அவர் எழுதத் தொடங்கியபோது மைதானம் காலியாக இருந்தது என்பதும் உண்மை. ரிவர் பூல்ஸ் பின்னாளில் குளங்களை வாங்கி விற்பதோடு நிற்காமல், தானே வார்த்துத் தயாரிக்கவும் ஆரம்பித்தது.